பேஜ்மேக்கரில் நின்றுபோன மூலிகை அகராதி: ஒரு மீட்புப் பணியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், சுற்றுவட்டாரத்தில் புழங்கும் மூலிகைப் பெயர்களை ஆயுள் முழுக்கத் திரட்டினார். ஒரே செடிக்கு மலையடிவாரத்தில் ஒரு பெயர், கடற்கரைப் பக்கம் வேறொரு பெயர். அந்தப் பெயரையே மூன்றாவது ஊரில் இன்னொரு செடிக்குச் சொல்வார்கள். இந்தக் குழப்பம் தீர ஒவ்வொரு பெயருக்கும் நேரே தாவரவியல் பெயர், வைத்தியர்கள் சொன்ன பயன், சேர்மான அளவு என்று எழுதி வைத்தார். முதல் பதிப்பு 1990களின் கடைசியில் வந்தது. பிறகு பல ஆண்டுகள் திருத்தியும் சேர்த்தும் இரண்டாம் பதிப்பைத் தயார் செய்தார். அது அச்சேறும் முன் காலமாகிவிட்டார்.

நெடுங்காலம் கழித்து அவருடைய மகள் எங்களிடம் வந்தார். பழைய அச்சுக் கோப்புகளை மறுபதிப்புக்குத் தயார் செய்து தரும் சிறிய குழு எங்களுடையது. “அப்பா எல்லாத்தையும் சிடியில போட்டு வச்சிருக்காங்க. திறந்து பிரிண்ட் எடுத்தா போதும்” என்றுதான் கேட்டார். அதற்கு முன்பே ஒரு கணினிக் கடையில் கொடுத்துப் பார்த்திருந்தார். அங்கே திரையில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்திருக்கின்றன. கடைக்காரர் தன்னிடம் இருந்த ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவுக்கு மாற்றி, சேமித்து, பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். முக்கால்வாசி வாசிக்க முடிந்தது. மிச்சம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

ஊர், பெயர், நூலின் தலைப்பு ஆகியவற்றைக் குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி விட்டிருக்கிறோம்.

கைக்கு வந்தவை

மூன்று சிடிகள், ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய மூன்றரை அங்குல ஃபிளாப்பிகள், கடைக்காரர் கொடுத்த பென்டிரைவ், முதல் பதிப்பின் ஒரு பிரதி, இரண்டாம் பதிப்பின் முற்பாதிக்கு எடுத்த லேசர் பிரிண்ட் புரூஃப் கட்டு. புரூஃபில் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தியிருந்தார். ஃபிளாப்பிகளின் மேல் ஒட்டிய சீட்டுகளில் ‘க வரிசை இறுதி’, ‘க இறுதி 2’, ‘க இறுதி திருத்தியது’ என்று அவர் கையெழுத்து. எந்த இறுதி உண்மையில் இறுதி என்பது கடைசி வரை எங்களுக்குத் தலைவலியாக இருந்தது.

மகள் பென்டிரைவைத்தான் முக்கியமாக நினைத்தார். அதில்தான் தமிழ் தெரிகிறது. புரூஃப் கட்டைப் பழைய பேப்பரோடு போட இருந்தவர், “இதுவும் வேணுமா சார்?” என்று கேட்டார். எங்களைப் பொறுத்தவரை வரிசை நேர்மாறானது. மேற்கொண்டு யாரும் எழுத முடியாதபடி பதிவான சிடி முதலில், புரூஃப் கட்டு அடுத்தது, பென்டிரைவ் கடைசி.

நகலெடுப்பு

எதையும் திறப்பதற்கு முன் எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்தோம். ஃபிளாப்பியின் மூலையில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு. அதைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்தால் கணினி அதில் எழுத முடியாது. ஒவ்வொன்றையும் அப்படித் தள்ளிவிட்டுத்தான் டிரைவில் செருகினோம். கெட்டுப்போன ஃபிளாப்பியைச் செருகினால் விண்டோஸ் ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்கும். பழக்க தோஷத்தில் சரி என்று சொடுக்கி இழந்தவர்கள் ஏராளம். அதனால் இந்த வேலையை லினக்ஸில், டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் செய்தோம். அது முதலில் நன்றாக வாசிக்க வருவதை எல்லாம் எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்.

ஒரு முழு ஃபிளாப்பியின் நகல் சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும்: 80 தடங்கள், 2 பக்கங்கள், தடத்துக்கு 18 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட். ஒரு பைட் குறைந்தாலும் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

சில ஃபிளாப்பிகளில் உலோக மூடியை நகர்த்திப் பார்த்தால் காந்தத் தகட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. அவற்றை அப்படியே செருகினால் டிரைவின் தலைப்பகுதி அழுக்காகி அடுத்து வரும் நல்ல ஃபிளாப்பியையும் கெடுத்துவிடும். தனியே எடுத்து வைத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கடைசியாக வாசித்தோம். அப்படியும் சில தேறவில்லை. சிடிகள் மூன்றும் நல்லபடியாக வாசிக்க வந்தன. நகல்கள் ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 கூட்டு (கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்) எடுத்து வைத்தோம். பிறகு எந்த நேரத்திலும் நகல் மாறவில்லை என்று காட்ட அது போதும்.

என்ன கோப்பு என்று பார்த்தல்

கோப்புகளின் பின்னொட்டு பல இடங்களில் பொய் சொன்னது. சிலவற்றில் பி65, சிலவற்றில் பிஎம்டி (இரண்டும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் பின்னொட்டுகள்), சிலவற்றில் ஒன்றுமே இல்லை. எனவே பெயரை விட்டுவிட்டு உள்ளே பார்த்தோம். பெரும்பாலானவை ஒரே எட்டு பைட்டில் தொடங்கின. அதன் முதல் நான்கு பைட் பதினாறடிமான எண்ணில் டி0, சிஎஃப், 11, இ0. சேர்த்து வாசித்தால் ஆங்கிலத்தில் ‘டாக்ஃபைல்’ என்பது போலத் தெரியும். மைக்ரோசாஃப்டில் யாரோ விளையாட்டாக வைத்தது. வேர்ட் 97 கோப்பும் இப்படித்தான் தொடங்கும், விண்டோஸில் செய்த பேஜ்மேக்கர் 6.5 கோப்பும் இப்படித்தான். இரண்டுக்கும் வெளிப்பெட்டி ஒன்று, உள்ளே இருக்கும் ஓடைகள் (தரவுத் தொகுதிகள்) வேறு. இந்த வேலைக்கு பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாகத் தரும் ட்ராய்ட் என்ற கருவி உதவும். அது ப்ரோனம் என்ற கோப்பு வகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு வகையையும் பதிப்பையும் சொல்லும்.

முடிவாகத் தெரிந்தது: அகராதியின் உடல் பேஜ்மேக்கர் 6.5 கோப்புகள், கடைசிக் காலத்துத் திருத்தங்கள் சில பேஜ்மேக்கர் 7, முன்னுரையும் கடிதங்களும் வேர்ட் 97, செடிப் படங்கள் டிஃப், கோரல்டிரா கோப்புகள்.

பேஜ்மேக்கர் 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டது. 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. இதற்குப் பின்னும் தமிழ்நாட்டுச் சிறு அச்சகங்களில் அது ஓடிக்கொண்டே இருந்தது, இன்னமும் சில இடங்களில் ஓடுகிறது. காரணம் சோம்பல் இல்லை. தட்டச்சுப் பழக்கம், வாங்கி வைத்த எழுத்துருக்கள், ஆண்டுதோறும் திரும்ப அச்சிடும் கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

எதில் திறப்பது

மூன்று வழிகள் இருந்தன. லிப்ரே ஆஃபீஸ் 4.4 முதல் (2015) பேஜ்மேக்கர் கோப்பை ‘டிரா’ செயலியில் திறக்கும். இலவசம், இன்றைய கணினியில் ஓடும். ஆனால் பக்கம் பக்கமாக ஓடும் உரை அதில் துண்டு துண்டாக வந்தது. தலைச்சொல், பொருள் என்று வைத்திருந்த பாணிகள் தொலைந்தன. இரண்டாவது வழி, பேஜ்மேக்கர் 7ஐயே விண்டோஸ் எக்ஸ்பி மெய்நிகர் கணினியில் ஓட்டுவது. மூன்றாவது, அடோபியின் பிந்தைய பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் சிஎஸ்6. அது பேஜ்மேக்கர் 6.0 முதல் 7 வரை திறக்கும். 2013இல் வந்த சிசி பதிப்பிலிருந்து அடோபி அந்த வசதியை எடுத்துவிட்டது. நல்ல வேளையாக எங்களிடம் பழைய உரிமத்தோடு சிஎஸ்6 இருந்தது.

பார்வைக்கு எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும், உரையை எடுக்க இன்டிசைனும் என்று முடிவு செய்தோம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டதால் அந்த மெய்நிகர் கணினிக்கு இணைய இணைப்பே கொடுக்கவில்லை.

இன்டிசைனைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம் ஐடிஎம்எல். இன்டிசைன் கோப்பை அந்த வடிவில் சேமித்தால், உள்ளே எக்ஸ்எம்எல் என்ற குறியிட்ட உரையாக விரியும். உரையின் ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் அது எந்த எழுத்துருவில் இருந்தது என்று எழுதியிருக்கும். வெறும் உரையாக ஏற்றுமதி செய்திருந்தால் இந்தத் தகவல் போயிருக்கும். அது போனால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

எழுத்துரு

பழைய தமிழ்க் கோப்புகளில் காலாவதியாவது இரண்டு. பெட்டி ஒன்று, அதற்குள் இருக்கும் எழுத்துக் குறியீடு இன்னொன்று. பெட்டியைத் திறந்துவிட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பது இந்தத் துறையில் சகஜம். உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

அகராதியின் உடல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் அமைப்பில் அடித்தது. அதில் ‘தமிழ்’ என்ற சொல் கோப்புக்குள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளான ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளியாகவே இருக்கும். ஜே இருக்கும் இடத்தில் ‘த’ வடிவத்தை வரைந்து வைத்திருப்பது எழுத்துரு. அது இல்லாவிட்டால் கோப்பில் தமிழே இல்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் தமிழுக்கு 1991 முதல் இடம் இருந்தது, தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்ற தரக் குறியீடுகளையும் அறிவித்தது. ஆனாலும் பேஜ்மேக்கருக்கு யுனிகோடு தெரியாது என்பதால் ஆசிரியருக்கும் அச்சகத்துக்கும் வேறு வழி இருக்கவில்லை.

கடைக்காரரின் பென்டிரைவ் பிரச்சினைக்கு இப்போது வரலாம். எழுத்துரு கிடைக்காதபோது பேஜ்மேக்கர் ஒரு பெட்டியைக் காட்டி, பதிலுக்கு எதைப் போடலாம் என்று கேட்கும். தற்காலிகம், நிரந்தரம் என்று அதில் இரண்டு தெரிவுகள். நிரந்தரம் என்று கொடுத்துச் சேமித்துவிட்டால் பழைய எழுத்துருவின் பெயரே கோப்பிலிருந்து போய்விடும். பென்டிரைவில் நடந்தது அதுதான். தலைச்சொல், உடல், தாவரவியல் பெயர் எல்லாம் ஒரே எழுத்துருவாகிவிட்டன. நல்ல வேளை, சிடியில் அப்படிச் சேமிக்க வழியில்லை.

சிடிப் பிரதியின் ஐடிஎம்எல்லில் மூன்று எழுத்துருப் பெயர்கள் இருந்தன. தாவரவியல் பெயர்கள் டைம்ஸ் நியூ ரோமனில். உடல் பாமினி வகையில். தலைச்சொற்களும் அளவுகளும் பாமினி போலவே பெயர் கொண்ட, ஆனால் கடைசியில் ஒரு எண் சேர்ந்த மூன்றாவது எழுத்துருவில்.

டைம்ஸை விலக்கிவிட்டு மாற்றியதால் தாவரவியல் பெயர்கள் பிழைத்தன. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மாற்றியில் (பழைய குறியீட்டை யுனிகோடாக்கும் நிரல்) போட்டால் என்ன ஆகும் என்று ஒரு பதிவில் பார்த்தோம். நொச்சியின் தாவரவியல் பெயர் வைடெக்ஸ் நெகுண்டோ. அதன் முதல் சொல் ஆங்கில எழுத்திலிருந்து பாமினி விதிப்படி மாறி ‘ஏவைநஒ’ என்று வந்து நின்றது. இப்படி நூல் முழுக்க வந்திருந்தால் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுப்பதை யோசிக்கவே முடியாது.

மூன்றாவது எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை. மகளிடம் கேட்டோம்: அந்த நாளில் பக்கம் வடிவமைத்தவர் யார், இருக்கிறாரா? இருந்தார். அதே ஊரில் அச்சகத்தை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். மகள் நேரில் போய்ப் பார்த்து, அங்கிருந்தே எங்களுக்கு ஃபோன் போட்டார்.

“அண்ணாச்சி, தலைச்சொல்லுக்கு மட்டும் வேற எழுத்துரு போட்டிருக்கீங்களாமே, அது எங்க வாங்குனது?”

“வாங்கல தாயி. சார் கால், அரைக்கால், மாகாணி எல்லாம் பழைய குறியிலதான் வேணும்னாங்க. எழுத்துருவுல அது கெடையாது. நானே ஃபாண்டோகிராஃபர்ல வரைஞ்சு, புழங்காத எடத்துல சொருகி வச்சேன்.”

மருந்துச் சேர்மானத்தில் வரும் பின்ன அளவுகளைத்தான் அவர் சொன்னார். எழுத்துருவில் புழங்காமல் இருந்த இடங்களில் அந்த வடிவங்களை வைத்திருந்தார். அச்சகத்துப் பழைய கணினியின் எழுத்துரு உறையில் அந்தக் கோப்பு இன்னும் இருந்தது. ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துருச் செயலியில் திறந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்து, எந்தக் குறி எந்தப் பின்னம் என்று பட்டியல் போட்டோம். புரூஃப் கட்டில் சிவப்பு மையில் ஆசிரியர் எழுத்தால் எழுதியிருந்த ‘அரைக்கால் பலம்’ (பலம் என்பது பழைய நிறுத்தல் அளவு), ‘மாகாணி’ போன்ற இடங்கள் பட்டியலைச் சரிபார்க்க உதவின.

பென்டிரைவ் பிரதியில் ‘அரைக்கால் பலம்’ இருந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு குறியும் ‘பலம்’ என்ற சொல்லும். கதைப் புத்தகமாக இருந்தால் அச்சுப்பிழை என்று போய்விடலாம். இது மருந்து அளவு. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று. இரண்டையும் மாற்றிப் போட்டால் அளவு இரட்டிக்கும், அல்லது பாதியாகும். அந்தப் பிரதியை எந்த நிலையிலும் மூலமாகக் கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தது இந்த இடத்தில்தான்.

2019இல் வந்த யுனிகோடு 12.0 பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது. மூலப் பிரதியில் அந்தக் குறியீடுகளையே வைத்தோம். ஆனால் அவற்றைக் காட்டும் எழுத்துருக்கள் இன்னும் குறைவு. பல கைபேசிகளில் வெற்றுக் கட்டமாகத் தெரியலாம். எனவே வாசிப்புப் பிரதியில் ‘அரைக்கால்’, ‘மாகாணி’ என்று எழுத்திலேயே போட்டோம். வைத்தியம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் வசதி என்று குடும்பத்தாரும் ஒப்புக்கொண்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

இனி மாற்றுவது எளிது என்று நினைப்போம். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. சாதாரணக் கட்டுரைக்குப் போதும். அகராதிக்குப் போதவில்லை. எனவே நாங்களே ஒரு நிரல் எழுதினோம்.

பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோடில் முதலில் க, அதன்பின் ஓர் உயிர்க்குறி. இந்த இடமாற்றத்தை எல்லா மாற்றிகளும் செய்யும். சிக்கல் ஔகாரத்தில். ‘கௌ’ என்பதைப் பழைய எழுத்துருக்களில் கொம்பு, க, ள என்று அடிப்பார்கள். ‘வெள்ளெருக்கு’ என்பதன் தொடக்கமும் கொம்பு, வ, ள தான். அவசரமாக எழுதிய மாற்றி இதைப் பார்த்தவுடன் ‘வௌ’ ஆக்கிவிட்டு, மிச்சமிருக்கும் புள்ளியை அதன் தலையில் போட்டுவிடும். மூலிகை நூலில் வெள்ளெருக்கு, வெள்ளருகு, வெள்வேல், வெள்ளரி என்று பக்கம் பக்கமாக இதே தொடக்கம்.

விதி இப்படி வைத்தோம்: ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரமே; வேறு எழுத்து வந்தால் சந்தேகப் பட்டியலுக்குப் போகட்டும், மனிதர் பார்க்கட்டும். பட்டியலில் வந்தவை பெரும்பாலும் கௌதாரி, பௌர்ணமி, வௌவால் போன்ற உண்மையான ஔகாரங்களே. அதைவிடத் தந்திரமானது ‘ஔடதம்’. மருந்து நூலில் இந்தச் சொல் எத்தனை தடவை வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாமினியில் ஔ என்பது ஒ, ள என்று இரண்டு எழுத்து. மாற்றியபின் ‘ஒளடதம்’ என்று வந்தால் திரையிலும் தாளிலும் எந்த வித்தியாசமும் கண்ணில் படாது. ஆனால் கணினிக்கு அது வேறு சொல். ‘ஔடதம்’ என்று தேடினால் கிடைக்காது. யுனிகோடின் இயல்பாக்கமும் இதைத் திருத்தாது: கொம்பும் காலும் தனித்தனியே வந்தால் ‘ொ’ என்று சேர்த்துவிடும், ஆனால் ஒகரத்தோடு வரும் ளகரத்தை ஔ ஆக்காது.

ரகரத்திலும் அதே கதை. ‘ர்’ என்பதைப் பழைய அச்சு மரபில் கால் போட்டு அதன்மேல் புள்ளி வைத்துக் காட்டுவார்கள். தட்டச்சு செய்தவரும் துணைக்காலுக்கான விசையையே அழுத்தினார். மாற்றியில் இதற்கு விதி இல்லாவிட்டால் ‘நார்’ என்பது ந, கால், கால், புள்ளி என்று வெளிவரும். இணையத்தில் பல தமிழ்ப் பக்கங்களில் இன்றும் இந்தப் பிழை உலவுகிறது; எழுதியவர்களுக்கே தெரியாது.

ஆக, மெய்ப்புத் திருத்துபவர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பிழைகள் இவை. இரண்டு வழிகளில் பிடித்தோம். ஒன்று, தமிழில் வரவே முடியாத கூட்டுகளைத் தேடுவது: உயிர்க்குறிக்குப் பின் புள்ளி, இரண்டு உயிர்க்குறி அடுத்தடுத்து, சொல்லின் முதலில் மெய், சொல்லின் நடுவில் உயிர். மொழிமுதல் எழுத்துகள் பற்றிய பள்ளிக்கூட இலக்கணமே இங்கே நிரலாக மாறியது. (சொல்லின் நடுவில் உயிர் என்ற சோதனைதான் ஏவைநஒ போன்றவற்றையும் உடனே காட்டிக்கொடுக்கும்.)

இரண்டாவது வழி இது அகராதியாக இருந்ததால் கிடைத்த வசதி. தலைச்சொற்கள் அகர வரிசையில் இருக்க வேண்டும். மாற்றிய தலைச்சொற்களைத் தமிழ் அகர வரிசையில் கணினியே அடுக்கிப் பார்க்கட்டும்; மூல வரிசையோடு எங்கே முரண்படுகிறதோ அங்கே பிழை இருக்க வாய்ப்பு அதிகம். யுனிகோடு எண் வரிசையில் அடுக்கினால் இது நடக்காது. அதில் னகரம் நகரத்துக்குப் பக்கத்தில், றகரம் ரகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தமிழ் மொழிக்கான வரிசை விதியைச் சொல்லித்தான் அடுக்க வேண்டும். அப்படி அடுக்கியதும் ஒள என்று தவறாக வந்த தலைச்சொற்கள் எல்லாம் ஒகர வரிசைக்குள் போய் மாட்டிக்கொண்டன. வேறு சில முரண்பாடுகள் மாற்றத்தால் வந்தவை அல்ல, ஆசிரியரே இடம் மாற்றி வைத்தவை. அவற்றைத் தொடவில்லை, குறித்து மட்டும் வைத்தோம்.

படங்கள்

பேஜ்மேக்கர் பெரிய படத்தைத் தனக்குள் முழுவதும் வைத்துக்கொள்ளாது. மங்கலான முன்தோற்றம் ஒன்றை வைத்துக்கொண்டு, அசல் எங்கே இருக்கிறது என்ற வழியை மட்டும் குறித்துக்கொள்ளும். அசல்கள் ஒரு பகுதி சிடியில் இருந்தன. கோரல்டிரா கோட்டோவியங்கள் லிப்ரே ஆஃபீஸில் திறந்தன. மீதி, வாசிக்க முடியாத ஃபிளாப்பிகளோடு போயின. முதல் பதிப்பில் இருந்த படங்களை அந்த நூலிலிருந்தே வருடி எடுத்தோம். இரண்டாம் பதிப்புக்கென்று புதிதாக வரைந்த சிலவற்றுக்கு முன்தோற்றம்தான் மிச்சம். அச்சுக்கு உதவாது, புதிதாக வரைபவருக்கு மாதிரியாக உதவும்.

எந்தப் பிரதி இறுதி

ஒரே பகுதிக்கு மூன்று பிரதிகள் இருந்த இடங்களில் கோப்பின் தேதியை முதலில் பார்த்தோம். அதை முழுக்க நம்ப முடியவில்லை. சில தேதிகள் 1980 ஜனவரி 1 என்று இருந்தன. கணினியின் பேட்டரி செத்துக் கடிகாரம் தொடக்கத்துக்குத் திரும்பிய நாளில் சேமித்தவை. எனவே யுனிகோடுக்கு மாற்றிய பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டு, புரூஃபில் இருந்த சிவப்பு மைத் திருத்தங்கள் எதில் ஏறியிருக்கின்றன என்று பார்த்தோம். திருத்தம் ஏறிய பிரதி பிந்தியது. புரூஃப் இல்லாத பிற்பாதியில் இந்த அளவுகோல் இல்லை. அங்கே இரண்டு பிரதிகளும் வேறுபடும் இடங்களை மகளிடமும், அவர் அழைத்து வந்த சித்த மருத்துவ மாணவர் ஒருவரிடமும் கொடுத்தோம். முடிவு அவர்களுடையது.

தாவரவியல் பெயர்களில் சில இப்போது மாறிவிட்டன. ஆடாதோடைக்கு ஆசிரியர் எழுதியிருந்த அடாதோடா வாசிகா இன்று ஜஸ்டிசியா அடாதோடா. மாற்றிவிடலாமா என்று மாணவர் கேட்டார். மூலத்தில் மாற்றவில்லை. மீட்பு வேலை ஒன்று, பதிப்பாசிரியர் வேலை இன்னொன்று. இரண்டையும் ஒரே கோப்பில் செய்தால் எது ஆசிரியருடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. புதிய பெயர்கள் தனிக் கோப்பில் குறிப்பாகச் சேர்ந்தன.

விளைவு

இரண்டாம் பதிப்பின் உரை ஏறக்குறைய முழுவதும் கிடைத்தது. வகர வரிசையின் கடைசிப் பகுதி சிடியிலும் இல்லை; அது இருந்த ஃபிளாப்பிதான் தேறாதவற்றில் ஒன்று. அந்த இடத்துக்கு முதல் பதிப்பின் உரையைத் தட்டச்சு செய்து, அது முதல் பதிப்பிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு பதிவிலும் குறியிட்டோம்.

குடும்பத்திடம் கொடுத்தவை: தொடாத நகல்கள், எழுத்துருக் கோப்புகள், குறியீட்டுப் பட்டியல், மாற்று நிரல், யுடிஎஃப்-8 (யுனிகோடு) உரை, லிப்ரே ஆஃபீஸில் திருத்தக்கூடிய ஓடிடி கோப்பு, நெடுங்காலப் பாதுகாப்புக்கான பிடிஎஃப்/ஏ கோப்பு. பழைய எழுத்துருவோடு பேஜ்மேக்கரிலிருந்து நேரே எடுத்த பிடிஎஃப் ஒன்றும் உண்டு. அது பக்க அமைப்பை அசல்போலக் காட்டும், ஆனால் அதில் தமிழில் தேட முடியாது. நகலெடுத்து ஒட்டினால் ஜே, கே என்றுதான் வரும். அதன் பெயரிலேயே ‘பார்வைக்கு மட்டும்’ என்று சேர்த்தோம். உரை இப்போது ஒரு பதிப்பாளரிடம் புதிய வடிவமைப்பில் இருக்கிறது.

அடுத்த பணிகளில் மாற்றியவை

இந்தப் பணியில் அச்சகத்து அண்ணாச்சியைத் தேடியது பாதி வழியில். இப்போது பக்கம் வடிவமைத்தவர் யார் என்பதுதான் முதல் நாளே கேட்கும் கேள்வி. அவர் கணினியில் விண்டோஸின் எழுத்துரு உறையை முழுவதுமாக நகலெடுத்து வாங்குகிறோம். பெயர் ஒன்றாக இருந்தாலும் எழுத்துருவை ஃபாண்ட்ஃபோர்ஜில் இடம் இடமாகப் பார்த்த பிறகே மாற்று விதி எழுதுகிறோம். டைப் 1 என்ற பழைய வகை எழுத்துரு இருந்தால் அதற்கு இன்னும் அவசரம்: அடோபி 2023 ஜனவரியோடு தன் செயலிகளில் அந்த வகைக்கு ஆதரவை நிறுத்திவிட்டது.

மெய்ப்புத் திருத்துபவரிடம் கொடுப்பதற்கு முன் ‘வர முடியாத கூட்டு’ சோதனையை ஓட்டுகிறோம். இந்தப் பணியில் அது பிந்தி வந்ததால் மாணவர் ஒரே பக்கங்களை இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருந்தது. அகராதி, சொல்லடைவு, பெயர்ப் பட்டியல் எதுவானாலும் அகர வரிசைச் சோதனையும் உண்டு. அளவு, விலை, தேதி, எண் ஆகியவை வரும் இடங்களை மட்டும் பிரித்து எடுத்து, தாளோடு வைத்து இரண்டு பேர் தனித்தனியே பார்க்கிறார்கள்.

சிஎஸ்6 ஓடும் கணினியின் வன்தட்டுக்கு முழு நகல் ஒன்று எடுத்து வைத்திருக்கிறோம். அந்தக் கணினி நின்றுவிட்டால் பேஜ்மேக்கர் 7ஐக் கொண்டு ஆர்டிஎஃப் என்ற உரைக் கோப்பு வடிவம் வழியாக எடுப்பதே மாற்று ஏற்பாடு. ஆர்டிஎஃப்பிலும் எழுத்துருப் பெயர்கள் தங்கும் என்று ஒரு சிறு பகுதியில் பார்த்துவிட்டோம்.